எண்ணெய் போட்ட சக்கரம்

"தாயே, சக்கரம் நன்றாகத்தான் சுற்றுகிறது. சட்டித் தண்ணீர் மட்டும் சுடவே இல்லை. ஏன்?"

கேட்டவர் சிவக்கொழுந்து. தலை நரைத்த பிறகு சீடராக வந்தவர். குரு உமையாள் அவரைவிட வயதில் இளையவள்.

மலைமேல் மடம். ஐப்பசி அடைமழை. விறகெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. மழைக்கு ஒதுங்கிய ஒருத்தி அன்று காலையில் அங்கேயே பிள்ளை பெற்றிருந்தாள். பச்சைப் பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கவாவது வெந்நீர் வேண்டும்.

ஓடைத் தண்ணீர் தள்ளச் சுற்றி மாவரைக்கும் சக்கரம் ஒன்று இருந்தது. சிவக்கொழுந்து அதன் கற்களைக் கழற்றிவிட்டு இரண்டு இரும்புத் தட்டுகளைப் பொருத்தினார். கீழ்த்தட்டு சுற்றும். மேல்தட்டு அசையாமல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். மேலே செப்புச் சட்டியில் தண்ணீர். சுற்றுகிற வேகத்தில் தட்டு காய்ந்து தண்ணீர் சுடும் என்பது அவர் கணக்கு.

உமையாள் குனிந்து பார்த்தாள்.

"தட்டுகளுக்கு நடுவில் என்ன ஐயா, மினுக்குகிறது?"

"விளக்கெண்ணெய், தாயே. துளி சத்தம் இல்லை. பாருங்கள், பம்பரம் மாதிரி."

சமையல்காரி செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"பம்பரம் நல்லாத்தான் சுத்துது. பிள்ளை கண்ணு முழிச்சா வேடிக்கை பாக்கும்."

உமையாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஐயா, ஊரில் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர்தானே நீங்கள்?"

"ஆமாம் தாயே. ஓடுகிற தேரின் சக்கரத்தடியில் கட்டையைச் செருகுவேன். உரசி உரசித் தேர் நிற்கும்."

"நின்ற பிறகு கட்டையைக் கையில் எடுப்பீர்களே. அப்போது?"

சிவக்கொழுந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். கட்டை சுட்ட பழைய தழும்பு அங்கே இருந்தது.

பிறகு ஓடினார்.

சட்டியை இறக்கினார். சாம்பல் போட்டு எண்ணெயைத் துடைத்து எடுத்தார். சட்டியைத் திரும்ப ஏற்றி, தட்டு அழுந்தி உரசட்டும் என்று அதன் பக்கத்திலேயே அம்மிக்கல்லையும் தூக்கி வைத்தார்.

"அது என் அம்மி," என்றாள் செங்கமலம்.

"அப்புறம் சண்டை போடலாம், ஆத்தா."

சக்கரம் நின்றே போனது. அம்மியை இறக்கிவிட்டுக் குழவியை மட்டும் வைத்தார். சக்கரம் முனகியது. முக்கி முக்கிச் சுற்றியது.

உமையாள் கண்ணை மூடி, பிள்ளைக்காக ஜபத்தில் உட்கார்ந்தாள். வெளியே மழை விடவில்லை.

ஜபம் முடிந்து வந்தவள் கேட்டாள்:

"என்ன ஐயா, உங்கள் பம்பரம் இப்படித் திணறுகிறதே. கொஞ்சம் எண்ணெய் விடட்டுமா?"

சிவக்கொழுந்து சட்டிக்குள் முழங்கையை விட்டுப் பார்த்தார்.

"பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், தாயே."