நாற்பது சான்றிதழ், நான்கு நாற்காலி

இந்தக் கதையில் பொய் சொன்னவரைக் கண்டுபிடிக்க உங்களுக்குச் சிரமமே இருக்காது. சரியாக நடந்துகொண்டவரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். அதனால் பராக்குப் பார்க்காமல் கேளுங்கள். வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. தைத்து வரும் பனியனில் ஓட்டை, எண்ணெய்க்கறை, கோணல் தையல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது செக்கிங் பகுதியின் வேலை. அங்கே நாற்பது பெண்கள், டியூப் லைட்டுக்குக் கீழே நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்ப்பவர்கள். அவர்களுடைய வேலையைச் செய்ய ஒரு செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வந்து இறங்கியது. பனியன்கள் பெல்ட்டில் ஓடும். மேலே இருக்கும் கேமரா பழுதைப் பார்த்துத் தள்ளிவிடும். அதை மாட்டிக் கொடுக்க வந்த இன்ஜினியர், "இத ஓட்ட நாலு பேர் உக்காந்தா போதும்" என்று பெருமையாகச் சொன்னார். நாற்பது பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை.

இயந்திரத்தின் விலையில் பாதியை அரசாங்கம் கொடுக்கும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: யாருடைய வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறதோ, அவர்கள் அத்தனை பேருக்கும் முதலில் அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். நல்ல நிபந்தனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். அதைக் கம்பெனி நிறைவேற்றிய அழகைத்தான் சொல்லியாக வேண்டும்.

மேனேஜர் தண்டபாணியே பயிற்சியாளர் ஆனார். ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, திரையில் ஆங்கிலத்தில் சில படங்கள் ஓடின. டீ வந்தது, பஜ்ஜி வந்தது. எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஆளுக்கொரு சான்றிதழைக் கொடுத்து, வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். இயந்திரத்தின் மேல் கிடந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் விலக்கவில்லை.

"அவ்வளவுதானுங்க அம்மிணி. ஆபீசர் வந்து கேட்டா பயிற்சி முடிஞ்சுதுன்னு சொல்லோணும். சர்டிபிகேட் வெச்சிருக்கற ஒருத்தரையும் ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன். இது நான் குடுக்கற வாக்கு," என்றார் தண்டபாணி. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

ஆய்வு நாள் வந்தது. பணம் கொடுக்கும் முன் பயிற்சி நடந்ததா என்று பார்க்க வந்த அரசாங்க அதிகாரி மூன்று பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

முதலில் சம்பூரணம். அந்தப் பகுதியில் மூத்தவர், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாய் திறப்பார்கள். "நாப்பது ஊட்டுல அடுப்பு எரியோணும். ஒரு பொய்யில என்ன கெட்டுடப் போவுது?" என்று முந்தின நாளே முடிவு கட்டியிருந்தார். அதிகாரி கேட்டதும், "பயிற்சி முடிஞ்சுதுங்க சார்" என்றார்.

அடுத்து நசீமா. மனதில் இருப்பதை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவர். "எனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க. டீ குடுத்தாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். தண்டபாணி பதறவே இல்லை. பைலைத் திறந்து நீட்டினார். அதிகாரி பார்த்துவிட்டு, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"ஆமாங்க. என்னோடதுதான்."

பயிற்சி முடிந்தது என்று எழுத அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மூன்றாவது சபிதா. ஒடிசாவிலிருந்து வந்தவர், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருப்பவர். வேலை போனால் அன்றைக்கே படுக்க இடமும் போய்விடும். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

"சர்டிபிகேட் இருக்கு சார். ஓட்டிப் பாத்து சொல்றேன்."

சொல்லிவிட்டு நேரே போய் உறையை இழுத்துக் கீழே போட்டார். தண்டபாணிக்கு முகம் வெளுத்தது. ஆனால் எப்படித் தடுப்பார்? கையில் நாற்பது சான்றிதழை வைத்துக்கொண்டு, தொடாதே, உனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? சபிதா பச்சைப் பொத்தானை அழுத்தினார். பெல்ட் ஓடியது. பனியன்களை அள்ளி வைத்தார். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேள்வி வந்தது. கையில் பட்டதை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது, மணி அலறியது, பனியன்கள் குவிந்து தரையில் சரிந்தன.

"நிறுத்துங்க சார்!" என்று அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு தண்டபாணியைப் பார்த்துக் கத்தினார். பயிற்சி கொடுத்தவர் அவர்தானே! தண்டபாணி ஒன்றை அழுத்தினார், இன்னொன்றை அழுத்தினார். சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. சபிதா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லுங்கள். ஒருவர் நாற்பது வீட்டை நினைத்துப் பொய் சொன்னார். ஒருவர் பயப்படாமல் உண்மை சொன்னார். ஒருவர் தான் படுக்கும் இடத்தையே பணயம் வைத்துக் கம்பெனிச் சொத்தில் கை வைத்தார். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சபிதா. சம்பூரணத்துக்கு மனசு பெரிது, கணக்குத்தான் தப்பு. நாற்பது பேரையும் வைத்துக்கொள்கிறேன் என்று தண்டபாணி வாக்குக் கொடுக்கும் முன்பே, நாலு பேர் போதும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். நசீமா சொன்னது சத்தியம், ஆனால் அவர் போட்ட கையெழுத்தே அவருக்கு எதிராக நின்றது. இயந்திரத்தைச் சாட்சி சொல்ல வைத்தவர் சபிதா ஒருவர்தான். பயிற்சி முடிந்தது என்று அதிகாரி எழுதவில்லை. பயிற்சியை முதலிலிருந்து, ஒழுங்காக, தமிழில் நடத்தச் சொல்லி எழுதிவிட்டுப் போனார். அப்போதும் நாற்காலி நாலுதானே என்பீர்கள். நாலுதான். அதற்காகவேதான் நாற்பது பேரும் கற்க வேண்டும் என்கிறேன். மீதிப் பேர் அடுத்த கம்பெனி வாசலில் போய் நிற்கும்போது போட்டோவும் பஜ்ஜியும் உதவாது, கற்ற கைதான் உதவும். அன்று சாயங்காலமே சபிதாவை ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார் தண்டபாணி. அவர் மேஜைமேல் முதல் சான்றிதழைக் கொண்டுபோய் வைத்தவர், காலையில் பொய் சொன்ன அதே சம்பூரணம். "அவள அனுப்பறதுன்னா இதையும் வாங்கிக்குங்க. ஓட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க சர்டிபிகேட்டு?" அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். இவர்கள் பயிற்சிக்கு வராவிட்டால் அரசாங்கப் பணமும் வராது; தண்டபாணி அதற்கப்புறம் ஹாஸ்டல் பேச்சையே எடுக்கவில்லை.