சிவனுக்குத் திங்கக்கிழமை லீவு

ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா. ஊரு இந்த பம்பாய்தான், அவ பேரு உலகம்மா.

என்னட்டி, ஆச்சி பேரா? ஊருல ஆயிரம் உலகம்மா இருப்பா. அத்தை சொல்லச் சொல்ல நீ 'ம்' மட்டும் கொட்டு.

அவ வீட்டுக்காரரு தளவாய்க்குத் துறைமுகத்துல வேலை. கப்பல்ல இருந்து மூட்டை இறக்குவாரு, தொம்மு தொம்முன்னு. இறக்கி நிமிர்ந்தா தூரத்துல ஒரு தீவு. அந்தத் தீவு மலையைக் குடைஞ்சு, எந்தக் காலத்துலயோ கோயில் கட்டி வச்சிருக்காங்க. உள்ள மூணு முகத்தோட சிவன், பனைமர உசரம். கூட வேலை பாக்கிறவங்க எல்லாம் போய்ப் பாத்துட்டு வந்தாச்சு. இவரு மட்டும், "உலகு இல்லாம நான் போக மாட்டேன்"னுட்டாரு.

"அப்போ ஞாயித்துக்கிழமை போவமா?"ன்னாரு.

"சிவனைப் பாக்க ஞாயித்துக்கிழமையா? திங்கக்கிழமைதான்"னா அவ. அவ்வளவுதான், மனுசன் சரின்னுட்டாரு.

ம் கொட்டுட்டி.

அப்புறம் ஒரு ஆடி மாசத்துத் திங்கக்கிழமை. லீவு சொல்லி, புளிச்சோறு கட்டி, படகுத்துறைக்குப் போனா மழை சோன்னு கொட்டுது. கடல் தளும்புது. படகுக்காரன் இன்னைக்குப் படகு இல்லன்னுட்டான். நனைஞ்ச கோழி மாதிரி ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்க.

அப்புறம் சில வருசம் கழிச்சுக் கார்த்திகைத் திங்கள். மறுபடியும் புளிச்சோறு. கிளம்புற நேரம் பாத்து அவ பொண்ணுக்கு உடம்பு அனலா கொதிக்குது. "கோயில் எங்க ஓடிறப் போவுது"ன்னு சொல்லிட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினா.

அப்புறம் வருசம் குடுகுடுன்னு ஓடிட்டு. தளவாய்க்கு வேலை முடிஞ்சுது. சொந்த ஊரோட போயிறலாம்னு பம்பாய் வீட்டக் காலி பண்ணியாச்சு. செவ்வாக்கிழமை விடியக்காலம் ரயிலு. மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு நாள். அதுவும் திங்கக்கிழமை! உலகம்மாவுக்குக் கால் தரையில நிக்கல. மழை இல்ல, காய்ச்சல் இல்ல. படகுத்துறைக்குப் போயி டிக்கெட் கேட்டா, அங்க இருந்தவன் சிரிக்கான்.

"திங்கக்கிழமை குகைக்கு லீவும்மா. எப்பவுமே அப்படித்தான்."

"சிவனுக்குத் திங்கக்கிழமை லீவா?"ன்னு அப்படியே உக்காந்துட்டா. நமக்காக இந்த மனுசன் இத்தன வருசம் போகாமலே இருந்தாரே, நம்ம பிடிவாதத்தால கெடுத்துட்டமேன்னு அவளுக்கு அழுகை பொத்துக்கிட்டு வருது.

தளவாய் திட்டவே இல்ல. கடல் சுவரு ஓரமா உக்கார வச்சு, புளிச்சோத்தப் பிரிச்சு, அவ கையில ஒரு உருண்டை வச்சாரு. "அந்தா தெரியுது பாரு, அதுதான் தீவு"ன்னாரு. சாப்பிட்டுட்டு வந்துட்டாங்க.

முழிச்சுத்தான் இருக்கியா? அந்தக் காய்ச்சக்காரப் பொண்ணு யாரு தெரியுமா? நான்தான். அன்னைக்குக் காய்ச்சல் வந்துச்சேன்னு எனக்கு இன்னும் மனசு ஆறல. அதான் போன மாசம் உங்க அப்பனுக்கு போன் போட்டு, "பம்பாயில வீடு எடுத்துட்டேல்லா, அம்மையக் கூட்டிட்டு வாரேன்"னேன். இங்க வந்து இறங்கினதும் முதல்ல காலண்டரத்தான் பாத்தேன். நாளைக்குப் புதன்கிழமை.

ஆமா, அந்தா கொர் கொர்ருன்னு குறட்டை விடுதே, அவளேதான் உலகம்மா. படி நூத்துச் சொச்சமாம். தூக்கிட்டுப் போக நாற்காலி உண்டு, பேசி வச்சாச்சு. "நாளைக்குத் திங்கள் இல்லையே"ன்னு மூணு வாட்டி கேட்டுட்டுத்தான் படுத்தா.

பையில தாத்தா மூக்குக்கண்ணாடிய எடுத்து வச்சிருக்கா. அவருதான் போய்ச் சேந்துட்டாரே, கண்ணாடி எதுக்கும்மான்னு கேட்டேன்.

"நான் இல்லாம அந்த மனுசன் போகலல்லா. நான் மட்டும் எப்படிட்டி தனியாப் போவேன்?"ன்னா.

சரி, கதை கரை ஏறிட்டு. நீ கண்ண மூடு.