இறால் அறையின் அலறல்

தூத்துக்குடிப் பக்கம் பல்தசார் என்றொரு இறால் கம்பெனி முதலாளி இருந்தார். குளிர் அறையில் புதுக் கருவி ஒன்றை மாட்டியிருந்தார். கதவு திறந்து கிடந்தாலோ குளிர் குறைந்தாலோ அது இணையம் வழியாக அவர் போனை அலற வைக்கும். அவர் போனை மட்டும்தான். வேலைக்காரர்களை அவர் நம்பவில்லை.

ஒரு ஞாயிறு விடுமுறையில் கதவின் ரப்பர் பிய்ந்து குளிரெல்லாம் வெளியேறிவிட்டது. திங்கள் காலை அறை முழுக்க அழுகிய இறால் நாற்றம்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தவன் யாரு?" என்று அறைக்குப் பொறுப்பான அமலியிடம் பாய்ந்தார் முதலாளி. "அந்த ஆள இப்பவே காட்டுடீ. இல்லன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

அமலி வீட்டில் உலை கொதிப்பதே அந்த வேலையால்தான்.

"காட்டுறேன் மொதலாளி, கொஞ்சம் பொறுங்க" என்றவள், குளிர் அறைக் கதவை அகலத் திறந்துவிட்டு நின்றாள்.

முதலாளி திட்டிக்கொண்டே இருந்தார். சட்டைப்பையில் போன் அலறியது. பார்க்காமலே விரலால் அமுக்கினார். மறுபடி அலறியது. மறுபடி அமுக்கினார்.

"சனியன், நேத்து மாதா கோயில் பூசையிலயும் இப்படித்தான் உயிர எடுத்துச்சு!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஆளக் காட்டிட்டேன் மொதலாளி" என்றாள் அமலி. "எங்கள்ல ஒருத்தர் போன்லயும் அது கத்தியிருந்தா, ஓடிவந்து ஐஸ் கட்டியாவது கொட்டியிருப்போம்."

அன்றே அமலியின் போனிலும் அந்த அலறல் வரும்படி மாற்றினார்கள். அவள் வேலை பிழைத்தது. இறால் பிழைக்கவில்லை. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அவளும் மற்றப் பெண்களும் சாயங்காலம் வரை அதைக் குழியில் கொட்டி மண் தள்ளினார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.