பதில் வராத செய்தி

நாகர்கோவிலில் ரத்த தானத்துக்காக மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனம். அங்கே குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு அதிகம். ஜெபமணி பல வருஷம் ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதித்தவர். ஆய்வகத்தை மூடியதும் நிரல் எழுத வந்தார். கற்றுக்கொடுத்தது ஹபீபா. ஜெபமணி வாய்நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மருத்துவமனை ரத்தம் கேட்டால், அந்த வகை ரத்தம் உள்ளவர்களுக்குக் குறுஞ்செய்தி போகவேண்டும். அதுதான் ஜெபமணி எழுதிய நிரலின் வேலை. முதன்முதலில் சோதித்தபோது செய்தி நிஜமாகவே போய்விட்டது. வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். ஜெபமணி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் ஹபீபா 'மாக்' வைக்கச் சொல்லிக்கொடுத்தார். குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் இடத்தில் ஒரு போலியை உட்கார வைப்பது; கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்று நாமே அதற்குச் சொல்லிவைப்பது. வெளியே ஒரு செய்தியும் போகாது. நிரலை மட்டும் சோதிக்கலாம்.

ஜெபமணிக்கு அது பிடித்துப்போயிற்று. தன் போலிக்கு 'அனுப்பியாச்சு' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். சோதனைகள் எல்லாம் தேறியதாகப் பச்சை காட்டின. ஹபீபாவும் பார்த்துத் தலையசைத்தார்.

ஐப்பசி மழையில் ஒரு நண்பகல். பிரசவத்தில் ரத்தம் நிற்காத ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் கேட்டுக் கோரிக்கை வந்தது. குறுஞ்செய்தி சேவை அன்றைக்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நிரல் பதிலுக்காக நின்றது. பின்னால் வந்த கோரிக்கைகளும் நின்றன. மருத்துவமனைத் திரையில் 'அனுப்பப்படுகிறது' என்றே இருந்ததால், அங்கேயும் யாரும் போனை எடுத்து யாரையும் கூப்பிடவில்லை.

குழந்தை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. ரத்தம் வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்லமுடியாது என்றார் டாக்டர்.

அந்தச் செய்தி மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. கிடைத்தவர்களில் ஒருவர் அலுவலகத்துக்கே போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர். ஜெபமணிதான் எடுத்தார். தையற்கடைக்காரர் திட்டவில்லை.

"நேத்து பூரா கடையிலேதான் இருந்தேன் சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார்.

ஜெபமணி போனை வைத்ததும் கணினி முன் உட்கார்ந்தார். நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தார். கடைசியில் ஹபீபாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், தப்பைத் தேடிட்டேன், கிடைக்கலை. டெஸ்ட் எல்லாம் இப்பவும் பச்சைதான். போலியை வச்சதே தப்பா?"

ஹபீபா நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க அண்ணே. நீங்க குறுஞ்செய்தி சேவை. நான் உங்க நிரல். ஓ நெகட்டிவ் வேணும். அனுப்புங்க."

"அனுப்பியாச்சு."

"சரி. இப்போ மழை. லைன் அறுந்துபோச்சு. அனுப்புங்க."

ஜெபமணி வாயைத் திறந்தார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேசாமல் இருந்தார்.

ஹபீபாவும் பேசவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தார். மேசையில் போன் அடித்து ஓய்ந்தது. கையெழுத்து கேட்டு ஒரு பெண் வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருவர். ஹபீபா திரும்பவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது. துடைக்கக் கை எழவில்லை.

ஜெபமணிக்குத் தாங்கவில்லை. "டீச்சர், ஆளுங்க நிக்கிறாங்க. எவ்வளவு நேரம் இப்படியே இருப்பீங்க?"

"நீங்க இன்னும் பதில் சொல்லலையே அண்ணே," என்றார் ஹபீபா. "பதில் வராட்டா என்ன செய்யணும்னு நீங்க எனக்கு எழுதலை. எழுதியிருக்கீங்களான்னு நானும் கேக்கலை."