பளிங்கு நெற்றி

“எனக்கு எப்போதுதான் காவி?” என்று கேட்டேவிட்டார் சபாநடேசன்.

மடத்துக்கு வந்து ஆறு வருடம். ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். துறவு வேண்டி வந்தவரின் கையில் மடத்து அருங்காட்சியகத்தின் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வெண்கலச் சிலைகள், தஞ்சாவூர் ஓவியங்கள், பர்மா மரப்புத்தர், சீனத்து ஜாடி, இத்தாலிப் பளிங்கில் ஒரு பெண் சிலை என்று அடியார்கள் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தவையெல்லாம் அங்கே இருந்தன. அவர் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

மடத்துத் தலைவரான சன்னிதானம் அவரைவிட இருபது வயது இளையவர்.

“அங்கே என்ன குறை?”

“அந்த இத்தாலிப் பளிங்குப் பெண்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் யாரோ அதன் நெற்றியில் குங்குமம் வைக்கிறார்கள். பளிங்கு கறைபட்டுவிடும். துடைத்துத் துடைத்தே என் ஆயுசு போகிறது.”

“சரி. குங்குமம் இல்லாத வெள்ளிக்கிழமை வாரும். காவி தருகிறேன்.”

சபாநடேசனுக்கு வாயெல்லாம் பல். இதென்ன பிரமாதம்!

‘தொடாதீர்கள்’ என்று பலகை வைத்தார். சுற்றிலும் கயிறு கட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமையும் பளிங்குப் பெண் பொட்டோடுதான் நின்றாள்.

அதற்கடுத்த வாரம் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கையும் களவுமாகப் பிடித்தார். மடத்து வாசலில் பூக்கட்டும் தையல்நாயகி!

“ஏம்மா, இது சாமி இல்லை. வெறும் சிலை.”

“தெரியும் சாமி.”

“பின்னே?”

“எங்கேருந்தோ வந்தவ. நெத்தி வெறுமையா நிக்கிறாளே, பார்க்கச் சகிக்கல.”

சபாநடேசன் பொட்டைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“இனி வைக்காதே.”

“சரி சாமி” என்றாள். மறு வாரமும் வைத்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. கதவடைக்கும் நேரம் வந்துவிட்டது, பொட்டு இல்லை. சபாநடேசன் மறுபடியும் உற்றுப் பார்த்தார். இல்லவே இல்லை.

சன்னிதானத்தைப் பார்க்க ஓடினார். வாசலில் பூக்கூடையைக் காணோம். கால் தானாக நின்றது.

“தையல்நாயகி எங்கேய்யா?” என்று காவல்காரரைக் கேட்டார்.

“மகளுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. வர பத்து நாளாகும்.”

நல்ல சேதிதான். காவிக்கு இனி தடையே இல்லை. ஆனாலும் ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டதாகத் தமக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார்.

ஆறு வருடமாகத் துடைத்த நெற்றி. வெறுமையாக இருந்தது. இன்றைக்கு அவருக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

சாயங்காலம் சன்னிதானத்தின் முன்னால் போய் நின்றார். கைகூப்பவில்லை. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

“இன்று குங்குமம் இல்லையா?”

“இருக்கிறது.” காவி போனது போனதுதான். ஆனால் அவருக்கு ஏனோ வருத்தமே வரவில்லை.

“தையல்நாயகி ஊரில் இல்லையே?”

சபாநடேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

“கையைக் காட்டும்.”

காட்டினார். மோதிரவிரல் நுனி சிவந்திருந்தது. சட்டென்று அதை மேல்துண்டில் துடைக்கப் போனார்.

சன்னிதானம் மடித்து வைத்திருந்த காவியை எடுத்து நீட்டினார்.

“துடைத்தது போதும்.”