எட்டு எம்எம் ஓட்டை

அவினாசியில் சேவூர் ரோட்டில் ஒரு பட்டறை. அங்கே குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்து மூன்று. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. யார் பெரியவர் என்று பார்த்தா கார்புரேட்டர் திறந்துகொள்கிறது?

குரு பீர்முகமது. நின்றுபோன பழைய வண்டிகளை ஓட வைப்பவர். ஊருக்கே அவர் மாஸ்டர்தான். பத்து வார்த்தை கேட்டால் ஒன்று சொல்வார், அதையும் ஸ்பேனரைக் காட்டித்தான் சொல்வார்.

சீடர் நல்லமுத்து, நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று கார். இன்னொன்று இரண்டாம் உலகப் போர். வீட்டு மாடியறை முழுக்க இரும்புத் தொப்பிகள், தண்ணீர்க் குடுவைகள், மெடல்கள், சிப்பாய்கள் சாப்பிட்ட தகரத் தட்டுகள். அவர் மனைவி அந்த அறையைப் பெருக்கப் போவதில்லை. யார் யார் தலையில் இருந்த தொப்பியோ என்பாள்.

இரண்டு பைத்தியமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் ஒரு ஜீப். நாற்பத்து மூன்றாம் வருசத்து மாடல். வால்பாறை எஸ்டேட் ஒன்றில் தேயிலை மூட்டையும் துரையின் நாய்களும் சுமந்து, கடைசியில் கோழிக்கூண்டாக நின்றிருந்ததை நல்லமுத்து வாங்கி வந்தார். நான்கு வருசம் சனிக்கிழமை தவறாமல் பட்டறைக்கு வந்து, மாஸ்டரிடம் வேலை கற்று, தன் கையாலேயே அதை நிமிர்த்தினார். ஒரு போல்ட்டு முடிந்ததும் நிமிர்ந்து கேட்பார்.

"அடுத்து என்ன, மாஸ்டர்?"

மாஸ்டர் அடுத்த ஸ்பேனரைக் காட்டுவார். நான்கு வருசமும் இதே பேச்சுதான்.

வண்டி முடிந்தது. ராணுவப் பச்சை அடித்து, புத்தகத்தைப் பார்த்து ஒரு படைப்பிரிவின் எண்ணும் எழுதியாயிற்று. ஆனால் மனசு நிற்க வேண்டுமே. ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் ஜும்மா தொழுகைக்குப் போன நேரம், நல்லமுத்து ட்ரில் மிஷினை எடுத்தார். எட்டு எம்எம் பிட்டைப் பூட்டினார். டிரைவர் சீட்டுப் பக்கத் தகட்டில் ஒரு ஓட்டை போட்டார். ஓரங்களைச் சுத்தியலால் உள்பக்கமாகத் தட்டி வளைத்து, உப்புத் தண்ணீர் தொட்டு வைத்தார். நாலு நாளில் துரு பிடித்தது. அசல் துப்பாக்கிக் குண்டு துளைத்த மாதிரியே இருந்தது.

அன்று தொழுகை முடிந்து வந்ததுமே மாஸ்டர் ஓட்டையைப் பார்த்துவிட்டார்.

"என்னங்கய்யா இது?"

"சும்மா ஒரு அழகுக்குங்க."

மாஸ்டர் கீழே கிடந்த இரும்புத் தூளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அழகுக்குப் போட்ட ஓட்டைக்கு ஒரு கதை வேண்டுமல்லவா? 'பர்மா போர்முனையில் அடிபட்ட வண்டி' என்று ஒரு பலகை வந்தது. பழைய வண்டிக் கண்காட்சிகளுக்கு ஜீப்பை ஓட்டிப் போகமாட்டார், தூசி படும். லாரியில் ஏற்றித்தான் போவார். ஜனங்கள் ஓட்டையில் விரல் வைத்துப் பார்ப்பார்கள், அவர் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு கதை சொல்வார். மூன்று வருசத்தில் இரண்டு கோப்பையும் ஒரு சால்வையும் கிடைத்தன. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருசம் கோயமுத்தூர்க் கண்காட்சி முடிந்த மறு சனிக்கிழமை, மனிதர் பட்டறைக்கு வந்த முகம் பார்க்கிற மாதிரி இல்லை. மாஸ்டர் டீ சொன்னார். டீ ஆறி ஆடை கட்டியது. அப்புறம்தான் வாய் திறந்தார்.

கண்காட்சியில் கூட்டம் கலைகிறவரை ஒரு ஓரமாக ஒரு அம்மாள் நின்றிருந்தாளாம். பேர் தெய்வாத்தாள், பெருந்துறைப் பக்கம், வயது எண்பத்தொன்று. அப்பா காளியப்பன் பட்டாளத்தில் வண்டி ஓட்டப் போனவர். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, பர்மாவில் வண்டியில் போகையில் குண்டுபட்டு இறந்ததாக ஒரு கடிதம் வந்தது. உடம்பு வரவில்லை. போட்டோ கிடையாது. செத்த நாள்கூடக் கடிதத்தில் இல்லாததால் திதி என்று ஒன்றும் கொடுக்கவில்லை. பலகையைப் பார்த்துவிட்டுத்தான் நின்றிருக்கிறாள். கிட்டே வந்து ஓட்டையில் விரலை வைத்தாள்.

"இது வழியாத்தானுங்களா தம்பி வந்துச்சு?"

அந்த இடத்தில் ஒரு மனுசன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இவர் ஆமாம் என்றார். ஓட்டுகிறவர் உட்கார்ந்திருந்தால் எங்கே பட்டிருக்கும் என்று கேட்டாளாம், தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாராம். பழக்க தோசம். அப்புறம் அவள் மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"ரொம்ப நேரம் வலிச்சிருக்குங்களா?"

"இல்லீங்கம்மா. உடனே போயிருப்பாரு. வலி தெரிஞ்சிருக்காது."

அவள் அழுதாள். சுருக்குப்பையிலிருந்து குங்குமம் எடுத்து அந்த ஓட்டையைச் சுற்றி வைத்தாள். ஆடி அமாவாசைக்கு வருகிறேன், இந்த வண்டி முன்னால் அப்பாவுக்கு இலை போட்டுப் படைக்க வேண்டும், எண்பது வருசமாக அவருக்கு ஒரு இலை போட இடமில்லை என்றாள். அதற்கும் இவர் தலையாட்டிவிட்டு, அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, வண்டி நிற்கிற பட்டறை விலாசத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இதைச் சொல்லி முடித்தபோது நல்லமுத்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு ராத்திரியாகத் தூக்கமில்லை என்றார். நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது என்றார். கடைசியில் மேனேஜர் புத்தி வேலை செய்தது. ஓட்டையை கேஸ் வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம், மேலே பெயின்ட் அடித்துவிடலாம், வண்டியைப் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று என்று அந்த அம்மாளுக்குப் போனில் சொல்லிவிடலாம். யாருக்கும் நோவில்லை.

மாஸ்டர் எழுந்தார். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து ஜீப் பக்கத்தில் நிறுத்தினார். வெல்டிங் வைக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும், பெயின்ட், எண்ணெய், துரு எது இருந்தாலும் பற்று நிற்காது. அது சீடருக்கே தெரியும். மாஸ்டர் ஒரு எமரித்தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.

"தேச்சுக் குடுங்கய்யா."

நல்லமுத்து குத்தவைத்து உட்கார்ந்தார். ஓட்டையைச் சுற்றிக் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் ஒரு விரல் தடம். தாளைக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. மறுபடி கொண்டுபோனார். டீக்கடை ஆள் வந்து கிளாஸை வாங்கிக்கொண்டு போகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"முடியலீங்க மாஸ்டர்."

மாஸ்டர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தார்.

"உண்மையச் சொன்னா அந்தம்மா தாங்குவாங்களா?" என்றார் நல்லமுத்து. "வயசு எண்பத்தொண்ணு."

"அவங்க எண்பது வருசமாத் தாங்கிட்டுத்தானுங்க இருக்காங்க."

சீடருக்குக் காது வரை சூடேறியது. எமரித்தாளைக் கீழே வைத்துவிட்டு, பழக்கத்தில் கேட்டார்.

"அடுத்து என்ன, மாஸ்டர்?"

மாஸ்டர் பிட்டுப் பெட்டியைத் திறந்தார். எட்டு எம்எம் பிட்டைத் தேடி எடுத்து, எண்ணெய் போகத் துணியால் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அமாவாசையன்னிக்கு இதை அவங்க கையில குடுங்க."

ஆடி அமாவாசையன்று மாஸ்டர் வேலை எதுவும் எடுக்கவில்லை. பட்டறை வாசலைக் கழுவிவிட்டிருந்தார். பத்து மணி பஸ்ஸில் தெய்வாத்தாள் தனியாக வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. அதில் வாழை இலை, ஒரு புது வேட்டி, ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம். அப்பாவுக்குக் கச்சாயம் என்றால் உசிர் என்று அம்மா சொல்லியிருக்கிறாளாம். அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். விடிகாலையில் எழுந்து, வெல்லப்பாகில் மாவு பிசைந்து சுட்டிருக்கிறாள். கூடவே பிளாஸ்டிக் கவருக்குள் அந்தப் பழைய கடிதம்.

அந்த நேரத்திலும் பாருங்கள், நல்லமுத்துவின் கண் கடிதத்தின் மூலையில் இருந்த ராணுவ முத்திரைக்குத்தான் போனது. எந்த வருசத்து முத்திரை, என்ன நிறம் என்று மனசு ஓடியது. சீ என்றிருந்தது அவருக்கு. அந்த வேகத்திலேயே கையை நீட்டிவிட்டார்.

"இது என்னங்க தம்பி?"

"ட்ரில் பிட்டுங்கம்மா. அந்த ஓட்டை குண்டு பட்டதில்லீங்க. மூணு வருசத்துக்கு முன்னாடி, இங்கயே, இதுலதான் நான் போட்டேன். இந்த வண்டி பர்மாவுக்கே போகலீங்க. எஸ்டேட்ல மூட்டை சுமந்த வண்டி."

தெய்வாத்தாள் பிட்டைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். மெதுவாகக் குனிந்து அந்த இரும்பை ஓட்டைக்குள் விட்டாள். பிசிறில்லாமல் போய் உட்கார்ந்தது.

அதற்குள் மாஸ்டர் முன்னால் வந்திருந்தார். "பிட்டு என்னுதுங்கம்மா. ஓட்டையப் பார்த்துட்டும் நான் கேட்காம விட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குருவும் சீடரும் இரண்டு திருடர்கள் மாதிரி அவள் முன்னால் நின்றார்கள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார் நல்லமுத்து. அவள் பிட்டை உருவி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"வலி தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னீங்களே தம்பி. அதுவும் பொய்யுங்களா?"

பட்டறையில் காற்றடிக்கிற கம்ப்ரஷர்கூட அன்று ஓடவில்லை. நல்லமுத்து கையிலிருந்த பிட்டைப் பார்த்தார். ஆயிரம் போர்க் கதை சொன்ன வாய். எந்தத் துப்பாக்கியில் எத்தனை குண்டு, எந்த மலையில் எத்தனை பேர் என்று விரல் நுனியில் வைத்திருந்தவர். ஒரு மனுசன் குண்டுபட்டுச் சாகிறபோது அவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முந்தானை நுனியை நனைத்து, தான் வைத்த குங்குமத்தைத் தானே துடைத்தாள். அவசரமில்லாமல், ஓட்டையின் வளைந்த ஓரத்தில் ஒட்டியிருந்ததுவரை துடைத்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து பையை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இந்த எலைய எங்க போடறது?"

அதை யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அவளே ஒரு வழி சொன்னாள். ஊரே பவானி கூடுதுறைக்குத்தான் போகிறது இன்றைக்கு, தானும் அங்கேயே போய் ஆற்றோரமாகப் போட்டுவிடுவதாகவும், பவானி பஸ் எங்கே நிற்கும் என்று சொன்னால் போதும் என்றும் சொன்னாள்.

ஆடி அமாவாசை அன்று பவானி பஸ்ஸில் படியில்கூட இடம் இருக்காது. இருவருக்கும் அது தெரியும். நல்லமுத்து மாஸ்டரைப் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். 

"அடுத்து என்ன, மாஸ்டர்?"

மாஸ்டர் சுவரைக் காட்டினார். அங்கே ஆணியில் ஜீப் சாவி தொங்கியது.

நிமிர்த்தியதிலிருந்து லாரிமேல் ஏறியே தவிர, சொந்தச் சக்கரத்தில் ஊர்விட்டு ஊர் போகாத வண்டி அது. ஆனால் நல்லமுத்துவுக்கு இப்போது தூசி நினைவுக்கு வரவில்லை. வாசற்படியில் அந்த முதுகு தெரிந்தது. தூக்குப்போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்கள இந்த வண்டியில ஏறச் சொல்றதுங்க? வெக்கமா இருக்குதுங்க, மாஸ்டர்."

மாஸ்டர் சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

"வெக்கத்தோடயே கேளுங்கய்யா. அதுவும் ஏறிக்கட்டும், நாலு பேர் உக்கார்ற வண்டிதானுங்களே."