ஓணான் காத்த சுங்கக்கொடி

அந்தக் காலத்தில் ஓணானுக்குக் குரல் இருந்தது. லேசுப்பட்ட குரல் இல்லை. குன்றின் இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் மேய்கிற மான் திரும்பிப் பார்க்கும். ஆனையும் எருமையும் காக்கையும் வாய் ஓயாமல் பேசித் திரிந்த காலம் அது. அத்தனை பேச்சுக்கும் மேலே ஓணானின் பேச்சுதான் கேட்கும்.

முள்ளுக்கரடு என்று ஒரு குன்று. அதன் அடிவாரத்தில் ஆனைமூழ்கிக் குளம். குன்றிலிருந்து குளத்துக்கு இறங்க ஒரே ஒரு பாதை. பாதையோரத்து வேலமரத்தில் கரட்டாண்டி என்கிற ஓணானும் அவன் பெண்டாட்டி பச்சையும் குடியிருந்தார்கள். பாதை என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். மழைக்கு ஒரு பள்ளம் விழும், அடுத்த மழைக்கு அந்தப் பள்ளம் குட்டி போடும். கால் ஒடிந்துவிடுமே என்று பயந்து எல்லாரும் பாதையை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கி நடந்தார்கள்.

அந்த ஓரத்து மண்ணில்தான் பச்சை முட்டையிடுவாள். பொதுபொதுவென்ற மண், வெயிலும் பதமாக விழும். போன கோடையில் அவள் புதைத்து வைத்த முட்டைகள் மேல் ஓர் எருமை நடந்து போய்விட்டது. பாவம், அதற்குத் தெரியாது. "இந்த வருசமாவது ஒரு குஞ்சு முகம் பாக்கணும்" என்று பச்சை சொன்னபோது கரட்டாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. பாதையைச் சரி பண்ணாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தான்.

வேலமரத்து உச்சியில் ஏறி ஒரு குரல் கொடுத்தான். கூட்டம் கூடியது.

"பாதையைச் செப்பனிடணும். ஆருக்காவது மறுப்பு உண்டுமா?"

ஒருவருக்கும் இல்லை. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"ஆரு செலவுல?" என்று காக்கை கேட்டது. அவ்வளவுதான், கூட்டம் கூட்டமாக இல்லை.

"நடக்கவன் குடுக்கட்டும். நான் பறக்கவன், எனக்கு என்னத்துக்குப் பாதை?" என்றது காக்கை.

"எருமை முதுகுல உக்காந்து உண்ணி பொறுக்குதியே, அந்த எருமை என்ன பறந்தா வருது?" என்று முயல் அதன் வாயை அடைத்தது. அடைத்த கையோடு தன் கட்சியையும் சொன்னது. "என் பாதம் பட்டு எங்கயாவது பள்ளம் விழுந்திருக்கா? அவங்கவங்க காலுக்குத் தக்கன குடுக்கணும்."

"காலுக்குத் தக்கனயா?" என்று கீழேயிருந்து மரவட்டை அலறியது. "ஐயோ, நான் ஒழிஞ்சேன்!"

ஆனைக்கூட்டத்துக்குத் தலைவி பெரியாத்தா. அவள் காதை ஒரு தடவை விசிறினாள். "இந்தப் பாதையே எங்க ஆளுக நடந்து நடந்து உண்டானது. உண்டாக்குனவங்ககிட்டயே கேப்பியளோ?"

பொழுது சாயும்வரை பேசினார்கள். கடைசியில் களைத்துப்போய் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாதையின் குறுக்கே ஒரு காட்டுக்கொடியை இழுத்துக் கட்டுவது. குளத்துக்கு இறங்குகிறவர்கள் ஆளுக்கு ஒரு வாய்த் தீனியைச் சுங்கமாகக் கொடி அடியில் வைத்துவிட்டுப் போவது. அந்தத் தீனி, பாதை வேலை செய்கிறவருக்குக் கூலி. "மண்ணு வேலையா? அதுக்கு நாங்கதானே!" என்று கேழப்பன் என்கிற காட்டுப்பன்றி மூக்கை உயர்த்தியது. "சுங்கம் வைக்காம கொடியைத் தாண்ட மாட்டோம்" என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். கொடிக்குக் காவல் யார்? குரல் உள்ளவன் யாரோ அவன்தான்.

கரட்டாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன உயிர் அவன். அதுவரை அவனை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது சிறுத்தைகூட "என்ன சுங்கத்தாரே, சௌக்கியமா?" என்று கேட்டது. பச்சையும் அந்த வாரமே கொடி கட்டிய பாறைக்குப் பக்கத்து மண்ணில் முட்டையிட்டுவிட்டாள். "என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும். இனிமே ஓரத்துல ஆரு நடக்கப் போறா?" என்றான் அவன்.

"சுங்கம்! சுங்கம் வச்சுட்டுப் போங்க!" விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை இதே கத்தல்தான். சும்மா வைத்துவிட்டுப் போவார்களா? "நான் ஆருன்னு தெரியுமா?" என்று கரடி நெஞ்சைத் தட்டியது. நன்றாகத் தெரியும், அதனால்தான் கேட்கிறான். "உள்ளூர்க்காரன்கிட்டயே சுங்கமா?" என்றது கீரி. அந்தக் குன்றில் வெளியூர்க்காரர் என்று ஒருவரும் இல்லை. "இப்பத்தானே அண்ணாச்சி குடுத்துட்டுப் போனேன், திரும்பி வந்து திரும்பிப் போறேன்" என்றது நரி. அது வந்ததை யாரும் பார்க்கவில்லை.

தீனி குவிந்தது. கேழப்பன் கொழுத்தான். பாதையில் மட்டும், ஏற்கெனவே இருந்த பள்ளம் போதாதென்று, புதுப் பள்ளங்கள் தெரிந்தன.

"ஏ கேழப்பா, மூடச் சொன்னா தோண்டி வச்சிருக்கியே?"

"அண்ணாச்சி, எங்களுக்குத் தெரிஞ்சது தோண்டுறதுதான்" என்றான் கேழப்பன், வாயில் கிழங்கோடு. "மூடுறது வேற ஆளு. அதுக்குத் தனியா ஒரு சுங்கம் போடணும்."

கோடை முற்றியது. கத்திக் கத்திக் கரட்டாண்டியின் தொண்டைத் தண்ணீர் வற்றத் தொடங்கியது. முதலில் குரல் கரகரத்தது. பிறகு கீச்சென்றது. "விட்டுத் தொலையுமே அந்தச் சுங்கத்த" என்றாள் பச்சை. அவன் கேட்கவில்லை. கிடைத்த மரியாதையை யாருக்குத்தான் விட மனசு வரும்?

ஒரு நாள் நடுப்பகல். வெயிலில் கல் வெடித்துவிடும் போலிருந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம். கொடி முன்னால் கரடி வழக்கம்போல் "நான் ஆருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டது. அதன் பின்னால் ஆனைக்கூட்டம், அதன் பின்னால் எருமைகள், அதற்கும் பின்னால் குன்று உச்சி வரை வரிசை. குட்டி ஆனைகள் தண்ணீர் தண்ணீர் என்று அழுதன.

அப்போது நரிக்கு ஒரு யோசனை வந்தது. "கொடியைத் தாண்ட மாட்டோம்னுதானே சத்தியம் பண்ணினோம்? சுத்திப் போகமாட்டோம்னு சொல்லலையே!"

அட, ஆமாம். வரிசை ஓரத்துக்குத் திரும்பியது. பெரியாத்தா பாதையை விட்டு விலகி, பாறைக்குப் பக்கத்து மண்ணில் வைக்க முன்னங்காலைத் தூக்கினாள். பச்சை ஓடிவந்து முட்டை மேட்டின் மேல் நின்றாள். ஆனைக்காலுக்கு அடியில் அவள் ஒரு சருகளவுகூட இல்லை.

கரட்டாண்டி கத்தினான். வாய்தான் திறந்தது. ஒரு சொட்டுக் குரல் வரவில்லை.

எந்தக் கொடி தன் முட்டைகளைக் காக்கும் என்று இருந்தானோ, அந்தக் கொடிதான் அத்தனை கால்களையும் அவற்றின் மேல் திருப்பிவிட்டது. அவனுக்கு அது அந்தக் கணம்தான் உறைத்தது. பாய்ந்து கொடியைக் கவ்வி ஒரே கடியாகக் கடித்து அறுத்தான். சுங்கமும் சுங்கத்தார் பட்டமும் அதோடு விழுந்தன.

கொடி விழுந்ததும் பெரியாத்தா தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. "என்னப்பா, சுங்கம் கேக்காமலா விடுத?" என்று சந்தேகப்பட்டாள். பதில் சொல்லக் குரல் இல்லை. கரட்டாண்டி பாதை நடுவில் ஒரு கல்லின் மேல் ஏறினான். முன்னங்கால்களை ஊன்றி, தலையை மேலும் கீழும் ஆட்டினான். போங்க, போங்க, நேரே போங்க! தவிப்பில் அவன் தொண்டை ரத்தமாய்ச் சிவந்தது.

பெரியாத்தா சிரித்துவிட்டாள். காலைப் பாதையில் வைத்தாள். அவள் பின்னாலேயே குன்று முழுக்க இறங்கியது. பச்சை முட்டைகளைத் தடவிப் பார்த்தாள். ஒன்றுக்கும் சேதமில்லை.

"என் கூலி?" என்று கேழப்பன் கேட்டான். எல்லாரும் அதற்குள் குளத்தில் இறங்கிவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் எல்லாரும் குளத்திலிருந்து திரும்பினார்கள். எருமைகள் மேலெல்லாம் சேறு, ஆனைகள் முழங்கால் வரை வண்டல். மேடேறும்போது ஓர் எருமை பள்ளத்தில் தடுமாறியது. உடம்பை உதறி எழுந்தது. பொத்துப் பொத்தென்று சேறு பள்ளத்தில் விழுந்தது. பின்னால் வந்த ஆனை அதை மிதித்து இறுக்கியது. மறுநாள் வெயிலுக்கு அந்தப் பள்ளம் சட்டிபோல் காய்ந்து சமமாகிக் கிடந்தது.

கரட்டாண்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று சாயங்காலம் அடுத்த பள்ளத்தின் விளிம்பில் போய் நின்று தலையை ஆட்டினான். உதறுங்க, இங்கே உதறுங்க!

"இம்புட்டு நாளும் இந்தச் சேத்தை மேட்டுக்குக் கொண்டுபோயில்லா உதறினோம்!" என்று பெரியாத்தா வயிறு குலுங்கச் சிரித்தாள். "சுங்கத்தை முதுகுல சுமந்துக்கிட்டு, சண்டையை வாயில போட்டிருக்கோம்."

எல்லாரும் உதறினார்கள். முயல் பாதம் கொண்ட மட்டும் உதறியது. காக்கை கூட அலகில் ஒரு உருண்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, தான் பறக்கிறவன் என்பதை இன்னொரு தடவை ஞாபகப்படுத்தியது. மரவட்டைக்கு அத்தனை காலும் துடைத்து முடிக்க ராத்திரியானாலும் மனசுக்கு நிம்மதி. வண்டல் போகப் போகக் குளமும் ஆழமானது.

முதல் மழை பெய்த காலையில் மண் விரிந்து குஞ்சுகள் வெளியே வந்தன. வழுவழுவென்று கிடந்த பாதையில் அவை கண் திறந்து முதலில் பார்த்தது தகப்பனைத்தான். அவன் கல்லின் மேல் நின்று எருமைகளுக்கு வழி விட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான். உலகத்தில் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று அவையும் தலையாட்டத் தொடங்கின. பச்சைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போன குரல் கரட்டாண்டிக்குத் திரும்பவே இல்லை. அவன் அதைத் தேடவும் இல்லை.

அன்று முதல்தான் ஓணான் வழியோரக் கல்லின் மேல் நின்று, தொண்டை சிவக்க, போகிறவர் வருகிறவரைப் பார்த்துத் தலையாட்டுகிறது. கேலி செய்கிறது என்று பிள்ளைகள் கல்லெடுக்கிறார்கள். அது பாவம், கொடி அறுந்தாச்சு, போங்க, போங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.